பதினான்கு அடி லேலண்டி வேலி: உயரம் குறையும், தடிப்பு குறையாது

கேள்வி: வடமேற்கு லண்டனில் சென்ற வருடம் வீடு வாங்கினோம். பின்வளவின் ஒரு பக்கம் முழுக்கக் கோனிஃபர் (பைன், சைப்ரஸ் வகை ஊசியிலை மரம்) வேலி. அறுபது அடி நீளம், பதினான்கு அடி உயரம், ஆறடித் தடிப்பு. பல வருடமாக யாரும் கைவைக்கவில்லை போல. ஒக்டோபரில் வேலைக்கு வந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் பத்தடி நீளத்துக்கு இரண்டடி உள்ளே தள்ளி வெட்டிவிட்டுப் போனார். அந்த இடம் இன்னமும் பழுப்பாகவே நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டத்துக்கு வெயில் வரவில்லை, கவுன்சிலுக்கு எழுதப்போகிறேன் என்கிறார். இந்த வசந்தத்தில் உயரத்தை ஆறடிக்கும் தடிப்பை மூன்றடிக்கும் ஒரேயடியாக வெட்டிவிடலாம், ஊரில் கிளுவை வேலி தழைப்பதுபோலத் தழைத்துவிடும் என்கிறார் என் கணவர். செய்யலாமா? எப்போது, எப்படி வெட்டுவது? பழுப்பான இடம் திரும்பப் பச்சையாகுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அந்தப் பத்தடி திரும்பப் பச்சையாகாது. உரம் போட்டாலும் ஆகாது, இரண்டு வருடம் பொறுத்தாலும் ஆகாது. அதை மறைக்க வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். அதற்குள் உங்கள் கணவர் ட்ரிம்மரைக் கையில் எடுக்காமல் இருக்க வேண்டும். அவர் சொல்கிறபடி வெட்டினால் பத்தடி பழுப்பு அறுபதடி பழுப்பாகிவிடும்.

கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் கதியாலாக வெட்டி நட்டாலே துளிர்க்கிற மரங்கள். அவற்றின் பழைய தண்டில், பட்டைக்கடியில், உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டுப் பட்டதும் அவை விழித்துக்கொள்ளும். சைப்ரஸ் குடும்பத்து மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. பச்சை இருக்கும் நுனிகளிலிருந்துதான் அவை வளரும். வேலியின் உட்பக்கத்துக்கு வெளிச்சம் போகாததால் அங்குள்ள இலைகள் உதிர்ந்துவிடுகின்றன, மிஞ்சுவது வெறும் பழுப்புச் சுள்ளி. வெட்டு அந்தச் சுள்ளிக்குள் போனால் அதற்குப் பிறகு துளிர் கிளம்ப அங்கே எதுவுமே இல்லை. உங்கள் வேலியில் ஒக்டோபரில் நடந்தது இதுதான்.

ஆனால் எல்லாக் கோனிஃபரும் ஒரே மாதிரி அல்ல. எனவே உங்களிடம் இருப்பது எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். ஒரு சிறு கிளையைக் கிள்ளிக் கசக்கிப் பாருங்கள். அன்னாசிப்பழம் போன்ற இனிப்பு வாசனை வந்தால் அது தூயா. வெஸ்டர்ன் ரெட் சிடார் என்று கடைகளில் விற்பது. பார்ஸ்லிக் கீரை வாசனை வந்து, மரத்தின் உச்சிக் கொழுந்து தலை கவிழ்ந்து தொங்கினால் லாசன் சைப்ரஸ். சின்னச் செதில் இலைகளுக்குப் பதிலாகத் தட்டையான, கரும்பச்சை ஊசி இலைகள் இரு வரிசையாக இருந்தால் அது யூ மரம். இவை எதுவும் இல்லாமல், இலைக்கொத்துகள் ஒழுங்கில்லாமல் பல திசையிலும் பிரிந்து, வருடத்துக்கு ஒரு மீட்டர் வரை உயர்கிற மரமென்றால் அது லேலண்டி. நீங்கள் எழுதிய உயரத்தையும் தடிப்பையும் வைத்துப் பார்த்தால் லேலண்டி என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தில் பராமரிக்காமல் விட்ட வேலிகளில் பெரும்பங்கு அதுதான்.

யூ என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். தடித்த அடிமரம் வரை வெட்டினாலும் அது திரும்பத் துளிர்க்கும். ஒரு வருடம் ஒரு பக்கத்தைத் தண்டுவரை வெட்டி, அது தழைத்த பிறகு மற்றப் பக்கத்தை வெட்டலாம். தூயா கொஞ்சம் பரவாயில்லை. பழைய தண்டில் சில இடங்களில் துளிர் வரும், ஆனால் நம்பி வெட்ட முடியாது. லேலண்டியும் லாசனும் வராது.

லேலண்டி காட்டில் தோன்றிய மரமே அல்ல. கலிபோர்னியாக் கரையின் மொன்டரே சைப்ரஸும் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள நூட்கா சைப்ரஸும் இயற்கையில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. வேல்ஸில் வெல்ஷ்பூலுக்குப் பக்கத்தில் லைட்டன் ஹால் தோட்டத்தில் இரண்டும் அருகருகே நின்றதால் 1888இல் கலந்து பிறந்தது இது. பெற்றோர் இரண்டுமே பெருமரங்கள். 30 மீட்டருக்கு மேல் போகக்கூடிய ஒரு மரத்தைத்தான் நாம் 2 மீட்டர் வேலியாக நிற்கச் சொல்கிறோம். அதே வெல்ஷ்பூலில் போவிஸ் கோட்டையின் யூ வேலிகள் ஏறத்தாழ 300 வருடமாகக் கத்தரிக்கப்பட்டு இன்றும் பச்சையாக நிற்கின்றன. வேலிக்கு மரம் தேர்ந்தெடுக்கும் யாரும் இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனித் தடிப்புக்கு வருகிறேன். ஆறடியை மூன்றடியாக்க முடியாது. எவ்வளவு முடியும் என்பதை ஒரு அடிமட்டத்தை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். வேலியின் முகத்தில் கையை விட்டு இலைகளை விலக்குங்கள். வெளி விளிம்பிலிருந்து கடைசிப் பச்சை இலை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து கொள்ளுங்கள். ஐந்தாறு இடங்களில், இடுப்பு உயரத்திலும் முழங்கால் உயரத்திலும் அளந்து, அதில் மிகக் குறைந்த அளவை எடுங்கள். அது 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், குறைந்தது 10 செ.மீ. பச்சையை விட்டுவிட்டு 15 செ.மீ. வரைதான் வெட்டலாம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அடி கிடைக்கும். அவ்வளவுதான். பச்சை அடுக்கு 12 செ.மீ. மட்டும் உள்ள இடத்தில் நுனிகளைச் சீராக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நூல் பிடித்தாற்போல நேராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டு மேட்டையெல்லாம் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதால்தான் பெரும்பாலான வேலிகள் கெடுகின்றன. வேலியில் மேடு தெரியும் இடத்தில் உள்ளே இருக்கும் சுள்ளியும் வெளியே வந்திருக்கும். நேராக்கினால் அதுதான் வெட்டுப்படும்.

ஒழுங்காகப் பராமரித்தாலும் லேலண்டி வருடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடித்துக்கொண்டேதான் போகும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதுப்பச்சையை விட்டுத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. நடைபாதைக்கு இடமே இல்லை, மூன்றடி கட்டாயம் வேண்டும் என்றால், வேலியை எடுத்துவிடுவதுதான் நேர்மையான தீர்வு. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

உயரம் வேறு கதை. உச்சியை வெட்டலாம். வெட்டிய தண்டு துளிர்க்காது என்றாலும், வெட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள பச்சைப் பக்கக்கிளைகள் மேல்நோக்கியும் உள்நோக்கியும் வளர்ந்து அந்த இடத்தை மூடிவிடும். ஆனால் ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. பதினான்கு அடியை ஆறடியாக்குவதென்றால் பாதிக்கும் மேல் போகிறது. அவ்வளவு பச்சையை இழந்தால் மரம் நலிந்துவிடும். தவிர அந்த ஆழத்தில் வேலியின் நடுப்பகுதி முழுவதும் வெறும் சுள்ளியாகத்தான் இருக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது, மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் நீளமான பழுப்புப் பள்ளம் தெரியும்.

உங்கள் கணக்கு இப்படி வரும். இப்போது 4.2 மீட்டர். இந்த முறை 2.8 மீட்டருக்கு இறக்குங்கள், சுமார் ஒன்பது அடி. ஆனால் அடிமரத்தண்டுகளை 2.8இல் வெட்டக்கூடாது, அதிலிருந்து 15 முதல் 20 செ.மீ. கீழே, 2.6இல் வெட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் மென்மையான புது வளர்ச்சி வந்து தடித்த வெட்டுமுனைகளை மறைக்கும். சரியாக 2.8இல் வெட்டினால், பின்னர் ஒவ்வொரு முறையும் ட்ரிம்மர் அந்தக் கட்டைகளில் முட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் கழித்து, மேற்புறம் மூடிப் பச்சையாகி, மரங்கள் திடமாக இருப்பதைப் பார்த்து, அடுத்த கட்டமாக 2 மீட்டருக்கு இறக்கலாம். வேலியின் கீழ்ப்பகுதி பச்சையாக இல்லாமல் வெறும் கால்களாக நின்றால் இரண்டாம் கட்டம் வேண்டாம், ஒன்பது அடியோடு நிறுத்துங்கள்.

எப்போது என்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் சிக்கலான இடம். மரத்துக்கு நல்ல காலம் மார்ச் கடைசியும் ஏப்ரலும். கடும் உறைபனி போய்விடும், வளர்ச்சி தொடங்கும் நேரம், வெட்டிய இடத்தை மூட முழுக் கோடைகாலமும் முன்னால் இருக்கும். ஆனால் அதே நேரத்தில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. பிளாக்பேர்டும் ரென்னும் மரப்புறாவும் அடர்ந்த கோனிஃபரைத் தேடி வருபவை. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி பயன்பாட்டில் உள்ள கூட்டையும் கட்டப்பட்டுவரும் கூட்டையும் தெரிந்தே கலைப்பது குற்றம். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை கூட்டுக்காலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தை விடுங்கள், முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பறவையின் மேல் ட்ரிம்மரை ஓட்ட நம்மில் யாருக்கும் மனம் வராது.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது. உயரம் குறைக்கும் பெரிய வேலையைப் பெப்ரவரிக் கடைசிக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடையில், ஒரு வாரமாவது உறைபனி வராது என்று வானிலை சொல்லும் நாட்களில் முடித்துவிடுங்கள். லண்டன் பக்கத்து இளங்குளிருக்கு அது போதும்; ஸ்கொட்லாந்திலோ வட இங்கிலாந்திலோ இருப்பவர்களுக்கு இவ்வளவு முந்துவது ஆபத்து. வெட்டும் முன் அரை மணி நேரம் தள்ளி நின்று வேலியைப் பாருங்கள். வாயில் சுள்ளியோடோ புழுவோடோ ஒரே இடத்துக்குப் பறவை திரும்பத் திரும்பப் போனால் அங்கே கூடு இருக்கிறது. பிறகு கிளைகளை விலக்கி உள்ளேயும் பாருங்கள். கூடு இருந்தால் குஞ்சுகள் பறந்துபோகும் வரை அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். மார்ச் தாண்டிவிட்டது, ஏகப்பட்ட கூடுகள் இருக்கின்றன என்றால், தலையை இறக்கும் வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது. ஒரு வருடத்தில் வேலி இன்னொரு மூன்றடி உயரும், அவ்வளவுதானே.

பக்கங்களைக் கத்தரிப்பது தனி வேலை. லேலண்டிக்கு வருடத்தில் இரண்டு முறை: மே கடைசி அல்லது ஜூனில் ஒன்று, ஓகஸ்ட் முதல் பாதியில் ஒன்று, இரண்டு முறையும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஒரே முறைதான் முடியும் என்றால் ஓகஸ்ட் தொடக்கம். ஓகஸ்ட் முடிந்த பிறகு தொடாதீர்கள். பின்னால் வெட்டினால், அதுவரை நிழலில் இருந்த மென்மையான உள் இலைகள் வெளியே வந்து, இறுகி வலுவடையும் முன்பே குளிர்காற்றில் கருகிவிடும். உங்கள் வேலிக்கு ஒக்டோபரில் இரண்டு கேடுகள் ஒரே நேரத்தில் வந்தன: அளவுக்கு மீறிய ஆழம், பிந்திய காலம். அதேபோல ஜூலை வெயில் கொளுத்தும் நாளிலும் வெட்ட வேண்டாம். மேகமூட்டமான நாளே நல்லது.

வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 18 மீட்டர் வேலியில் 60 செ.மீ. இடைவெளியில் நட்டிருந்தால் ஏறத்தாழ 30 மரங்கள் இருக்கும், ஒவ்வொன்றின் நடுத்தண்டும் இப்போது கையகலத்துக்குத் தடித்திருக்கும். ஏணியில் நின்று அதை அறுக்கக்கூடாது. சாதாரண ஏணியை லேலண்டியில் சாய்த்தால் கிளைகள் வழிவிட்டு ஏணி உள்ளே சரியும். ஏணியில் நின்றபடி செயின்சா பிடிப்பது உயிரோடு விளையாட்டு. வாடகைக் கடையில் சக்கரம் பூட்டக்கூடிய சிறு அலுமினிய டவர் கிடைக்கும். மேடையை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்தால் 2.6 மீட்டர் வெட்டுக்கோடு சரியாக உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வரும். உச்சித் துண்டுகளை அறுக்கும்போது மேடையை இன்னும் உயரத்தில் வையுங்கள், தலைக்கு மேல் கையைத் தூக்கி எதையும் அறுக்கக்கூடாது. மண் இளகியிருந்தால் டவரின் கால்களுக்கடியில் பலகை போடுங்கள்.

இரு முனையிலும் கம்பு நட்டு 2.6 மீட்டரில் நிறக்கயிறு ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். தரை சரிவாக இருந்தால் நீர்மட்டம் பார்த்துக் கட்டுங்கள். தரையிலிருந்து அளந்தால் வேலியும் சரிந்துதான் தெரியும். நடுத்தண்டு வேலியின் முகத்திலிருந்து மூன்றடி உள்ளே இருக்கிறது, நேரே கை எட்டாது. அதனால் முதலில் கயிற்றுக்கு மேலே உள்ள பக்கக்கிளைகளை எல்லாம் வெட்டி எடுங்கள். விரல் தடிப்பு வரை ட்ரிம்மர், அதற்கு மேல் 3, 4 செ.மீ. வரை நீளக்கைப்பிடிக் கத்தரி (லாப்பர்), அதையும் தாண்டினால் மடக்கு ரம்பம். எப்படியும் போக வேண்டிய கிளைகள்தானே, அவை போனதும் நடுத்தண்டு வெறும் கம்பமாக நிற்கும், கையும் எட்டும். அந்தக் கம்பத்தையும் ஒரே வெட்டில் தள்ளக்கூடாது. உச்சியிலிருந்து 50 செ.மீ. துண்டு துண்டாக இறக்குங்கள். துண்டு விழவேண்டிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுத்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சற்று மேலே அறுத்தால் பட்டை கிழியாமல் முறியும். கடைசி வெட்டை ஒரு பச்சைக் கிளைக்கு மேலாக, கட்டை நீளமாக நிற்காமல் வெட்டுங்கள். வெட்டுமுனைக்குப் பெயின்ட், தார், மருந்து எதுவும் பூச வேண்டாம். அவை ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து அழுகலைத்தான் வளர்க்கும். மரத்துக்கு மரம் போகும்போது ரம்ப அலகை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்தால் பிசினும் போகும், நோய் இருந்தால் அது பரவுவதும் குறையும்.

பக்கங்களை வெட்டும்போது ட்ரிம்மரைக் கீழிருந்து மேலாக வளைவாக ஓட்டுங்கள். வெட்டியது கீழே விழுந்துவிடும், அடுத்து வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும். சுவர் செங்குத்தாக இருக்கக்கூடாது. அடி அகன்று, மேலே போகப்போக ஒவ்வொரு மீட்டருக்கும் 5 முதல் 10 செ.மீ. உள்வாங்க வேண்டும். அப்போதுதான் அடிப்பகுதிக்கும் வெளிச்சம் விழுந்து அது பச்சையாக நிற்கும், பனி பெய்தாலும் தலை பிளக்காது. இந்தச் சரிவையும் பச்சை அடுக்கு இடம் தரும் அளவுக்குத்தான் கொண்டுவர முடியும் என்பதை மறக்க வேண்டாம். மின்சார ட்ரிம்மர் என்றால் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் செருக வேண்டாம், கேபிளைத் தோள்மேல் போட்டுப் பின்னால் விடுங்கள். கண்ணாடியும் நீண்ட கையுள்ள சட்டையும் கட்டாயம். லேலண்டிப் பிசின் பலருக்குத் தோலில் சிவந்த தடிப்பை உண்டாக்கும்.

விழும் குப்பையைப் பற்றி யாரும் முன்கூட்டியே நினைப்பதில்லை. 18 மீட்டர் நீளம், 1.8 தடிப்பு, 1.4 உயரம் என்றால் 45 கன மீட்டர் தழை. கவுன்சில் தரும் தோட்டக்குப்பைத் தொட்டி 240 லீட்டர். ஒரு சிப்பர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து அரைத்துவிடுவதே நல்லது. அரைத்த தூளை வேலியின் அடியிலேயே 5 முதல் 8 செ.மீ. தடிப்புக்குப் பரப்பலாம், தண்டுகளிலிருந்து ஒரு சாண் தள்ளி. மண் நன்றாக நனைந்திருக்கும்போது பரப்ப வேண்டும். அதற்கு முன் குரோமோர் போன்ற பொது உரத்தைச் சதுர மீட்டருக்கு 70 கிராம் வீதம் தூவிவிடுங்கள். லேலண்டியின் அடி மண் எப்போதுமே காய்ந்து கிடக்கும், மழைகூட உள்ளே இறங்காது. வெட்டிய முதல் கோடையில் வறட்சி வந்தால் வாரம் ஒரு முறை குழாயை வைத்து ஊற ஊறத் தண்ணீர் விடுங்கள். பச்சைக் கோனிஃபரை எரிக்க வேண்டாம். கரும்புகையோடு பக்கத்து வீட்டுச் சண்டை இரட்டிப்பாகும், தீயின் வெப்பம் பட்ட வேலியும் பழுக்கும்.

இப்போது அந்தப் பழுப்புப் பத்தடி. முதலில் ஒக்டோபர் வெட்டு மட்டும்தான் காரணமா என்று பாருங்கள். பழுப்புக் கிளைகளின் பட்டையில் கரி பூசியதுபோலக் கறுப்புப் படிந்திருந்தால் சைப்ரஸ் அசுவினி வந்து போயிருக்கிறது. அது கோடையின் முன்பாதியில் சாற்றை உறிஞ்சும், பழுப்பு பிந்தித்தான் தெரியும். அப்படியென்றால் வரும் மே, ஜூனில் கிளைகளை விலக்கிப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பு இல்லை, வெட்டிய இடம் மட்டும்தான் பழுத்திருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம், மரம் நலமாகத்தான் இருக்கிறது. ஒரு சுள்ளியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் அந்தக் கிளையின் நுனியில் எங்கோ உயிருள்ள இலை இருக்கிறது என்று பொருள், அதை வெட்டாமல் விடுங்கள். உலர்ந்து பழுப்பாக இருந்தால் அதை ஒட்ட வெட்டி எடுத்துவிடலாம்.

அரை மீட்டருக்குட்பட்ட சின்ன ஓட்டைகளை மூடுவது எளிது. இரு ஓரத்திலும் உள்ள பச்சைக் கிளைகளை வளைத்து, குறுக்கே வைத்த மூங்கில் குச்சியில் சணல் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். ஏப்ரலில் கட்டினால் இரண்டு மூன்று கோடைகளில் மூடிக்கொள்ளும். நூல் தண்டை இறுக்குகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்துத் தளர்த்துங்கள். ஆனால் உங்களுடையது பத்தடி, அது இந்த வழியில் மூடாது. அந்த இடத்தில் வேலிக்கு ஒரு அடி முன்னால் மரச்சட்ட டிரெல்லிஸ் (கொடி ஏறும் தட்டி) நிறுத்தி, ஐவி படரவிடுவதுதான் என் யோசனை. நிழலையும் வறட்சியையும் தாங்கி, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கக்கூடிய கொடி அதுதான். நேரே லேலண்டியின் மேல் ஏறவிடாமல் டிரெல்லிஸுக்குள் கத்தரித்து வைத்திருங்கள். ஏறினால் மிஞ்சியுள்ள பச்சையையும் மூடிவிடும். அந்தப் பழுப்பு இடத்தில் புது லேலண்டி நடலாமே என்று சிலர் சொல்வார்கள். இரு பக்கத்து முதிர்ந்த வேர்களும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் இடத்தில் கன்று தேறுவது கடினம்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் அவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் 8ஆம் பகுதி உயர்ந்த வேலிகளைப் பற்றியது. இங்கிலாந்தில் 2005 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டோ அதற்கு மேற்பட்ட பசுமைமாறா மரங்கள் வரிசையாக 2 மீட்டருக்கு மேல் உயர்ந்து பக்கத்து வீட்டாரின் வெளிச்சத்தைத் தடுத்தால் அவர் கவுன்சிலில் கட்டணம் கட்டி முறையிடலாம். கவுன்சில் குறைக்கச் சொல்லி ஆணையிட்டு, நீங்கள் செய்யாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். ஆனால் வேலியை 2 மீட்டருக்குக் கீழே இறக்கவோ முழுவதும் அகற்றவோ கவுன்சில் ஆணையிட முடியாது. முறையிடுபவர் முதலில் உங்களோடு பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவுன்சில் அதை ஏற்க மறுக்கலாம். இந்த இடம்தான் உங்களுக்குச் சாதகம். இந்த மார்ச்சில் ஒன்பது அடி, இரண்டு வருடத்தில் ஆறரை அடி என்று தேதியோடு எழுதி ஒரு கடிதம் கொடுங்கள். ஏன் ஒரேயடியாக முடியாது என்பதையும் அந்தப் பழுப்பு இடத்தைக் காட்டியே சொல்லுங்கள், அவருக்கே விளங்கும்.

அவரிடம் இன்னொன்றும் பேச வேண்டும். எல்லைக்கு மேலாக அவர் பக்கம் நீளும் கிளைகளை எல்லைவரை வெட்ட அவருக்கு உரிமை உண்டு. கோபத்தில் எல்லைவரை வெட்டினால் அது பழுப்புக்குள்தான் போகும், பிறகு வருடம் முழுக்க அந்தச் சுள்ளிச் சுவரைப் பார்க்கப்போவது அவர்தான். அவர் பக்கத்தையும் நீங்களே உங்கள் செலவில் வெட்டித் தருவதாகச் சொல்லி, உள்ளே வர அனுமதி கேளுங்கள். வீடு பாதுகாப்புப் பகுதிக்குள் (conservation area) இருந்தாலோ மரப்பாதுகாப்பு ஆணை ஏதேனும் இருந்தாலோ வெட்டும் முன் கவுன்சிலின் மரப்பிரிவில் கேட்க வேண்டும். பாதுகாப்புப் பகுதியில் மரவேலைக்கு ஆறு வாரம் முன்னறிவிப்புத் தேவைப்படலாம்.

வேலியையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தால், லேலண்டி அடியோடு அறுத்தால் திரும்பத் துளிர்க்காது, அதனால் கட்டைக்கு மருந்து வைக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மண். லண்டனின் களிமண் தண்ணீர் குறைந்தால் சுருங்கும், கூடினால் உப்பும். பல வருடம் தண்ணீர் உறிஞ்சிய 30 மரங்கள் ஒரே நாளில் போனால் மண் மெல்ல உப்பி, பக்கத்தில் உள்ள அத்திவாரத்தை மேலே தள்ளக்கூடும். வேலியிலிருந்து வீடோ நீட்டிக் கட்டிய அறையோ அருகில் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். பிறகு நடுவதற்கு என் முதல் தேர்வு யூ, மீட்டருக்கு இரண்டு கன்று வீதம். வருடத்துக்கு ஒரு அடிதான் வளரும், ஆனால் எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் துளிர்க்கும். அதன் இலையும் விதையும் கடும் நஞ்சு. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் ஹோர்ன்பீம் நடுங்கள். அது குளிர்காலத்தில் இலை உதிர்த்தாலும் பழைய தண்டில் தாராளமாகத் துளிர்க்கும்.

இந்த உயரத்து வேலையை ஆள் வைத்துச் செய்வதே நல்லது. வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். செயின்சா, உயர வேலைக்கான சான்றிதழ் இருக்கிறதா? பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா, அதன் தாளைக் காட்ட முடியுமா? கழிவு ஏற்றிச் செல்லும் பதிவு இருக்கிறதா? கடைசியானது முக்கியம், உங்கள் தழையை அவர் தெருவோரம் கொட்டினால் உங்களுக்கும் அபராதம் வரும். பிறகு வேலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, பக்கத்தை எவ்வளவு உள்ளே வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். இலையை விலக்கிப் பச்சை எதுவரை இருக்கிறது என்று பார்க்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் என்று பதில் சொல்பவரை, நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.